ஒன்றென்று நினைத்தது இரண்டான கதை

(கல்லூரி மாணவர்களுக்காக நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறிவியலைத் தமிழில் விளக்கிச் சொல்லும் பணிக்குத் தங்கள் வாழ்நாளைத் தந்தவர்கள் பலர். வழக்கறிஞராக இருந்துகொண்டே பல பத்தாண்டுகள் அறிவியல் கட்டுரைகள் எழுதிய பெ.நா.அப்புஸ்வாமியை இந்த மேடையில் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் போட்ட பாதையில் நின்று, இன்று மிக எளிய சொற்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன். வெப்பம், வெப்பநிலை, நிறை, எடை, திசைவேகம், முடுக்கம், ஆற்றல், திறன். எல்லாமே நீங்கள் ஒன்பதாம் வகுப்புக்குள் படித்து முடித்த சொற்கள். வரையறை கேட்டால் தடையின்றிச் சொல்வீர்கள். ஆனாலும் ஒரு கேள்வி கேட்கிறேன்.

ஒரு பந்தை நேர் மேலே எறிகிறோம். அது ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று, திரும்பி விழுகிறது. உச்சியில் நிற்கும் அந்தக் கணத்தில் பந்தின் முடுக்கம் எவ்வளவு?

இந்தக் கேள்வியை நான் கேட்ட வகுப்புகளில் பெரும்பாலும் முதலில் வரும் பதில் "சுழி". முடுக்கத்தின் வரையறையை அட்சரம் பிசகாமல் எழுதக்கூடிய மாணவரும் அதைத்தான் சொல்கிறார். அவருடைய நினைவாற்றலில் குறை எதுவும் இல்லை. திசைவேகமும் முடுக்கமும் அவர் மனத்தில் இன்னும் இரண்டாகப் பிரியவில்லை. பிரியாத வரையில் எத்தனை முறை வரையறையை எழுதினாலும் பயன் இராது.

நான் இன்று சொல்ல வந்தது இதைத்தான். அறிவியலின் அடிப்படைச் சொற்களில் பெரும்பாலானவை தனித்தனியாகப் பிறந்தவை அல்ல. ஒன்றென்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த ஏதோ ஒன்றை, யாரோ ஒருவர், ஏதோ ஒரு சோதனையில், இரண்டாகப் பிரித்துக் காட்டினார். அந்தப் பிளவின் இரு பக்கமும் நிற்பவையே நம் பாடநூல் சொற்கள். ஆகவே ஒரு சொல்லைப் படிக்கும்போது அதன் இணையையும், இரண்டையும் பிரித்த நிகழ்ச்சியையும் சேர்த்துப் படியுங்கள்.

வெப்பத்திலிருந்து தொடங்குகிறேன். இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே நல்ல வெப்பநிலைமானிகள் வந்துவிட்டன. ஃபாரன்ஹீட் தம் அளவுகோலை 1724-இல் வெளியிட்டார். செல்சியஸ் 1742-இல் நூறு பாகை அளவுகோலைத் தந்தார். அதில் தண்ணீர் கொதிப்பது 0, உறைவது 100 என்று தலைகீழாக இருந்தது, பிறகுதான் திருப்பப்பட்டது. கருவி கைக்கு வந்ததும் மக்கள் என்ன நினைத்தார்கள்? பாதரசம் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு வெப்பம் அந்தப் பொருளில் இருக்கிறது என்று நினைத்தார்கள். இயல்பான எண்ணந்தான். நாமும் காய்ச்சல் வந்தவரின் நெற்றியைத் தொட்டு அப்படித்தான் பேசுகிறோம்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜோசப் பிளாக் என்ற மருத்துவப் பேராசிரியருக்கு இது சரியாகப் படவில்லை. அவருடைய வாதம் மிக அழகானது. பனிக்கட்டி உருகும் நிலைக்கு வந்துவிட்டது என்றால், இன்னும் சிறிதளவு வெப்பம் சேர்ந்தாலே முழுதும் நீராகிவிட வேண்டும் என்பது அன்றைய கருத்து. அது உண்மையானால், குளிர்காலம் முடிந்து முதல் வெயில் பட்டதும் மலைகளில் குவிந்திருக்கும் பனி முழுவதும் ஒரே நேரத்தில் நீராகிப் பெருவெள்ளமாக ஊர்களை அழித்திருக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. பனி வாரக்கணக்கில், மெல்ல மெல்லத்தான் உருகுகிறது. அந்த நாட்களில் எல்லாம் வெயில் கொடுக்கும் வெப்பம் எங்கே போகிறது?

1761-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அவர் இதைச் சோதித்தார். ஒரே அளவான இரண்டு கண்ணாடிக் குடுவைகள். ஒன்றில் பனிக்கட்டி. மற்றொன்றில் ஏறக்குறைய உறைநிலைக்குக் குளிர்விக்கப்பட்ட, அதாவது 33 பாகை ஃபாரன்ஹீட் நிலையில் இருந்த, அதே நிறையுள்ள தண்ணீர். இரண்டையும் 47 பாகையில் இருந்த ஒரு பெரிய கூடத்தில் தொங்கவிட்டார். தண்ணீர் அரை மணி நேரத்தில் 7 பாகை ஏறி 40 பாகைக்கு வந்தது. பனிக்கட்டி இருந்த குடுவை அதே 40 பாகைக்கு வர பத்தரை மணி நேரம் பிடித்தது. இருபத்தொரு அரை மணிகள்!

கணக்கைப் போட்டுப் பாருங்கள். அரை மணிக்கு 7 பாகை வீதம் இருபத்தொரு அரை மணிகளில் 147 பாகைக்குச் சமமான வெப்பம் அந்தக் குடுவைக்குள் போயிருக்கிறது. பாதரசத்தில் தெரிந்தது 32-இலிருந்து 40 வரை வெறும் 8 பாகை. மீதி 139 பாகைக்கான வெப்பம் உள்ளே போனது உண்மை. வெப்பநிலைமானியில் தெரியவில்லை என்பதும் உண்மை. உள்ளே ஒளிந்த இந்த வெப்பத்தையே நாம் உள்ளுறை வெப்பம் என்கிறோம். அவர் கணக்கைச் செல்சியசுக்கு மாற்றினால் கிராமுக்கு 77 கலோரி வருகிறது. இன்றைய மதிப்பு 80. இரண்டு குடுவைகளும் ஒரு கடிகாரமும் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இவ்வளவு அருகே வந்திருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

அந்தச் சோதனையில் வெப்பமும் வெப்பநிலையும் பிரிந்தன. வெப்பநிலைமானி காட்டுவது செறிவை. எவ்வளவு வெப்பம் போய்ச் சேர்ந்தது என்பது தனிக் கணக்கு. உங்கள் வீட்டிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. தீபாவளியன்று கம்பி மத்தாப்பிலிருந்து சிதறும் பொறியின் வெப்பநிலை ஆயிரம் பாகை செல்சியசுக்கு மேல். குழந்தையின் கையில் பட்டால் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். பொறியின் நிறை மிகச் சிறிது, அதனால் அது தரக்கூடிய வெப்பமும் மிகச் சிறிது. அதே குழந்தையின் மேல் 80 பாகையில் இருக்கும் ஒரு குவளை வெந்நீர் கொட்டினால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இட்லிக் கொப்பரையைத் திறக்கும்போது முகத்தை விலக்கிக்கொள்கிறோமே, அதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. 100 பாகையில் இருக்கும் ஒரு கிராம் தண்ணீர் தோலில் பட்டு 37 பாகைக்கு இறங்கினால் 63 கலோரி தருகிறது. அதே 100 பாகையில் இருக்கும் ஒரு கிராம் நீராவி முதலில் நீராவதற்குள் 540 கலோரியைக் கொடுத்துவிட்டு, பிறகு அந்த 63-ஐயும் கொடுக்கிறது. வெப்பநிலை ஒன்றே. வெப்பமோ ஒன்பதரை மடங்கு.

பிளாக்கின் காலத்தில் வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாய்மம் என்றே நம்பினார்கள். 1798-இல் ரம்ஃபோர்டு, மியூனிக் நகரில் பீரங்கிக் குழாய் துளையிடும்போது வெப்பம் முடிவே இல்லாமல் வந்துகொண்டிருப்பதைக் கண்டு அந்த நம்பிக்கையை ஆட்டிவைத்தார். 1840-களில் ஜேம்ஸ் ஜூல், விழும் எடைக்கற்களைக் கொண்டு தண்ணீருக்குள் துடுப்பைச் சுழற்றி, எவ்வளவு வேலை செய்தால் எவ்வளவு சூடேறும் என்று அளந்தார். வெப்பம் என்பது ஆற்றல், அதுவும் ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறும் ஆற்றல் என்பது அதன்பின் உறுதியாயிற்று. ஆகவே "இந்தப் பொருளில் இவ்வளவு வெப்பம் இருக்கிறது" என்று இயற்பியலில் சொல்வதில்லை. உள்ளே இருப்பது அகஆற்றல். கைமாறும்போதுதான் அதற்கு வெப்பம் என்று பெயர். இந்த நுணுக்கம் தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வியாக வரும்; வாழ்க்கையில் வெப்ப இயக்கவியல் முழுவதற்கும் வாசலாக நிற்கும்.

இப்போது நிறையும் எடையும்.

1672-இல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரீஷே, தென் அமெரிக்காவில் நிலநடுக்கோட்டுக்கு அருகே, ஏறத்தாழ 5 பாகை வடக்கில் இருக்கும் கயேன் என்ற இடத்துக்குப் போனார். பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஊசலின் நீளத்தைச் சற்றே குறைத்த பிறகுதான் சரியான நேரம் காட்டியது. வெயிலில் கம்பி நீண்டிருக்கும் என்று சொல்லித் தள்ளப் பார்த்தவர்கள் உண்டு. நியூட்டன் தள்ளவில்லை. 1687-இல் வெளியான தம் பெருநூலில், புவி சுழல்வதாலும் நடுவில் பருத்திருப்பதாலும் அங்கே ஈர்ப்பு குறைகிறது என்று விளக்கினார். அதே குண்டு, அதே பொருளளவு. ஆனால் புவி அதை இழுக்கும் விசை இடத்துக்கு இடம் வேறு. மாறாமல் இருப்பதை நிறை என்றும், மாறுவதை எடை என்றும் பிரித்துப் பார்க்காமல் அந்தக் கடிகாரத்தின் தாமதத்தைப் புரிந்துகொள்ளவே முடியாது.

இன்றைய அளவில் துருவத்தில் ஈர்ப்பு முடுக்கம் 9.832, நிலநடுக்கோட்டில் 9.780. அரை விழுக்காடு வேறுபாடு. துருவத்தில் அளவு குறிக்கப்பட்ட சுருள்வில் தராசில் ஆயிரம் கிராம் காட்டும் தங்கம், நிலநடுக்கோட்டில் 995 கிராம்தான் காட்டும். இரு தட்டுத் தராசில் இந்தச் சிக்கல் இல்லை. தங்கத்தை இழுக்கும் அதே அளவுக்குப் படிக்கல்லையும் புவி குறைத்தே இழுக்கிறது. நகைக்கடையில் இன்று இருக்கும் மின்னணுத் தராசு சுருள்வில்லின் இனத்தைச் சேர்ந்தது, விசையை அளப்பது. அதனால்தான் அதைப் பயன்படுத்தும் இடத்திலேயே, அறிந்த நிறையுள்ள கல்லை வைத்துச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

விண்வெளி நிலையத்தில் வீரர்கள் மிதக்கிறார்களே, அங்கே ஈர்ப்பு இல்லை என்று பல மாணவர்கள் எழுதுகிறார்கள். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு, தரையில் உள்ளதில் பத்தில் ஒன்பது பங்கு அப்படியே இருக்கிறது. நிலையமும் உள்ளே இருப்பவரும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள். புவியைச் சுற்றி விழுகிறார்கள். காலடியில் தாங்கும் தரை இல்லை, ஆகவே தராசு சுழி காட்டும். ஆனால் நிறை எங்கும் போகவில்லை. அங்கே உடல்நிலையைக் கவனிக்க வீரர்களின் நிறையை அறிய வேண்டும் அல்லவா? என்ன செய்கிறார்கள் என்றால், சுருள்வில்லோடு இணைந்த ஓர் அமைப்பில் அவரைப் பிணைத்து முன்னும் பின்னும் அலைவுறச் செய்து, ஓர் அலைவுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கிறார்கள். நிறை மிகுந்தால் அலைவு மெதுவாகும். தராசே இல்லாமல் நிறையை அளக்கிறார்கள்! இந்த ஒரு கருவியை மனத்தில் வாங்கிக்கொண்ட மாணவர் நிறையையும் எடையையும் இனி ஒருபோதும் குழப்பிக்கொள்ள மாட்டார்.

கடையில் "அரிசி ஐந்து கிலோ எடை" என்று சொல்வதைத் திருத்தப் போக வேண்டாம். கடைக்காரருக்குத் தேவையானது ஐந்து கிலோ அரிசி, அது நிறைதான், அவர் சரியாகவே தருகிறார். ஆய்வகத்துக்குள் வந்ததும் நிறைக்குக் கிலோகிராம், எடைக்கு நியூட்டன் என்று மாறிக்கொண்டால் போதும்.

இனி முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம்.

நொடிக்கு 19.6 மீட்டர் வேகத்தில் பந்தை மேலே எறிகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றுத் தடையை மறந்துவிடுவோம். ஒரு நொடி கழித்து 9.8. இரண்டாவது நொடியின் முடிவில் 0. மூன்றாவது நொடியின் முடிவில் கீழ்நோக்கி 9.8, அதாவது கழித்தல் குறியோடு எழுதும் 9.8. இந்த வரிசையைப் பாருங்கள்: 19.6, 9.8, 0, −9.8. ஒவ்வொரு நொடிக்கும் 9.8 குறைந்துகொண்டே வருகிறது. சுழியைத் தாண்டும்போது அந்தக் குறைதல் நிற்கவில்லை. நிற்கவும் கூடாது. உச்சியில் திசைவேகமும் சுழி, முடுக்கமும் சுழி என்றால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும். அது திரும்பி விழுகிறது என்பதே உச்சியிலும் முடுக்கம் இருக்கிறது என்பதற்குச் சாட்சி.

இதில் தடுமாறியவர்கள் வெட்கப்பட வேண்டாம். விழும் பொருளின் வேகம் விழுந்த தொலைவுக்கு ஏற்பக் கூடுகிறது என்று கலிலியோவே 1604-இல் தம் நண்பர் பாவோலோ சார்ப்பிக்கு எழுதினார். பிறகு, சாய்தளத்தில் உருண்டைகளை உருட்டி, பாத்திரத்திலிருந்து ஒழுகும் நீரை நிறுத்து நேரத்தை அளந்து, வேகம் கூடுவது தொலைவுக்கு ஏற்ப அல்ல, நேரத்துக்கு ஏற்ப என்று தெளிந்தார். அடுத்தடுத்த சம நேரங்களில் கடக்கும் தொலைவுகள் 1, 3, 5, 7 என்ற ஒற்றை எண்களின் விகிதத்தில் வருவதைக் கண்டார். தம் முதல் எண்ணம் தவறு என்பதை 1638-இல் லைடன் நகரில் அச்சான நூலில் மறைக்காமல் எழுதியும் வைத்தார். அவ்வளவு பெரிய மூளைக்கு அத்தனை ஆண்டுகள் எடுத்த தெளிவை நாற்பது நிமிட வகுப்பில் உங்களிடம் எதிர்பார்க்கிறோம். கொஞ்சம் பொறுமை வேண்டியவர்கள் ஆசிரியர்களாகிய நாங்கள்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் உடலுக்குத் திசைவேகம் தெரியாது. முடுக்கம் மட்டுமே தெரியும். புவி நம்மைச் சுமந்துகொண்டு கதிரவனை நொடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது, நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் டவுன் பஸ் பிரேக் போட்டால் முன்னால் இருப்பவர் மேல் போய் விழுகிறோம். வளைவில் வேகம் மாறாமல் திரும்பினாலும் பக்கவாட்டில் சாய்கிறோம், ஏனென்றால் அங்கே திசை மாறுகிறது, திசை மாறினாலே முடுக்கம். வேகம், திசைவேகம் என்று இரண்டு சொற்கள் வைத்திருப்பதன் முழுப் பயனும் அந்த வளைவில் தெரிந்துவிடும்.

ஆற்றலுக்கும் திறனுக்கும் வருகிறேன். இதற்கு உங்கள் வீட்டு மின்கட்டண அட்டையே பாடநூல். அதில் "யூனிட்" என்று போட்டிருப்பது கிலோவாட்-மணி. கிலோவாட் திறனின் அலகு. அதை மணியால் பெருக்கினால் வருவது ஆற்றல். பலர் இதை வகுத்தல் என்று நினைத்து "மணிக்கு இத்தனை கிலோவாட்" என்று பேசுகிறார்கள். சாலையில் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்லிப் பழகிய நாக்கு அப்படி வழுக்குகிறது. திறன் என்பதிலேயே நேரம் வகுத்து முடிந்துவிட்டது. வாட் என்றால் நொடிக்கு ஒரு ஜூல். ஒரு யூனிட் என்பது 1000 வாட்டை 3600 நொடியால் பெருக்கியது: 36 லட்சம் ஜூல்.

36 லட்சம் ஜூல் எவ்வளவு? திருச்சி மலைக்கோட்டை 83 மீட்டர் உயரம். 60 கிலோ நிறையுள்ள ஒருவர் அடிவாரத்திலிருந்து உச்சிக்கு ஏறினால் ஈர்ப்புக்கு எதிராக அவர் செய்யும் வேலை 60, 9.8, 83 ஆகியவற்றின் பெருக்கல், ஏறத்தாழ 48,800 ஜூல். அப்படியானால் ஒரு யூனிட் மின்சாரம், எழுபத்து மூன்று பேரை மலைக்கோட்டை உச்சிக்குத் தூக்கி வைக்கும் ஆற்றலுக்குச் சமம். சில ரூபாய்க்கு நாம் வாங்கும் ஒரு யூனிட்டுக்குள் இத்தனை பேரின் மூச்சுவாங்கல் அடங்கியிருக்கிறது. இதை நான் ஒவ்வொரு பள்ளியிலும் சொல்லிவருகிறேன். சொல்லச் சொல்ல எனக்கே வியப்பு குறையவில்லை.

அதே படிகளை ஒருவர் பத்து நிமிடத்தில் ஏறுகிறார், மற்றொருவர் ஐந்தே நிமிடத்தில் ஏறுகிறார். இருவரும் செய்த வேலை ஒன்றே. முதலாமவரின் திறன் 81 வாட், ஒரு பழைய மின்விசிறியின் அளவு. இரண்டாமவருக்கு 163 வாட். மேலே போனதும் இரண்டாமவருக்கு மூச்சு இரைப்பது அதிக வேலை செய்ததால் அல்ல, அதே வேலையைப் பாதி நேரத்தில் முடித்ததால். வயலில் ஓடும் ஐந்து குதிரைத்திறன் மோட்டாரையும் இப்படியே பாருங்கள். ஒரு குதிரைத்திறன் 746 வாட், ஐந்துக்கு 3.73 கிலோவாட். அது அந்த மோட்டார் தண்டில் தரும் திறன். இழப்புகளையும் சேர்த்தால் இழுக்கும் மின்சாரம் இன்னும் கூடுதல். எத்தனை யூனிட் ஆகும் என்பது எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று தெரியும் வரையில் யாராலும் சொல்ல முடியாது.

கணிதத்துக்குள் நுழைவோம். இங்கே சோதனைச்சாலை கிடையாது, ஆனால் பிரித்தறிய வேண்டிய இணைகள் இங்கும் உண்டு.

எண், எண்ணுரு. பத்து என்ற எண்ணை 10 என்று எழுதுகிறோம். பழைய ஓலைச்சுவடியில் அதற்கு ௰ என்ற ஒற்றைக் குறி, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. அந்த முறையில் சுழிக்குக் குறி தேவைப்படவில்லை. எழுதும் குறி மாறினாலும் பத்து மாம்பழம் பத்து மாம்பழந்தான். 1/2, 2/4, 0.5, அரை என்ற நான்கும் ஒரே எண்ணின் நான்கு உடைகள் என்று தெரிந்த குழந்தைக்குப் பின்னக் கூட்டலில் பயம் வராது. பின்னத்தில் தடுமாறும் குழந்தைகள் பலர் குறியையே எண் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள்.

சமன்பாடு, முற்றொருமை. இரண்டிலும் அதே சமக்குறி. 1557-இல் வேல்ஸ் நாட்டவரான ராபர்ட் ரெக்கார்டு, ஒரே நீளமுள்ள இரு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறில்லை என்ற எண்ணத்தில் உருவாக்கிய குறி அது. x-இன் வர்க்கம் 4 என்று எழுதினால் அது ஒரு தேடல். x-க்கு 2, −2 ஆகிய இரண்டு மதிப்புகளில் மட்டுமே உண்மை. (a+b)-இன் வர்க்கம் a²+2ab+b² என்று எழுதினால் அங்கே தேட ஒன்றுமில்லை. எந்த எண்களை இட்டாலும் உண்மை. முற்றொருமையைக் கொடுத்து "நிறுவுக" என்றால் அதைச் சமன்பாடுபோலத் தீர்க்கத் தொடங்கும் விடைத்தாள்கள் ஏராளம். எதிரே இருப்பது எது என்று ஒரு நொடி நின்று கேட்டுக்கொண்டால் பாதிப் பாரம் குறையும்.

சராசரியையும் இடைநிலை அளவையும் விரைவாகச் சொல்லிவிடலாம். பத்துக் குடும்பங்கள் உள்ள ஒரு சிற்றூரில் ஒன்பது குடும்பங்களுக்குத் தலா 2 ஏக்கர். ஒரு குடும்பத்துக்கு 82 ஏக்கர். மொத்தம் 100 ஏக்கர், சராசரி 10 ஏக்கர். அந்த ஊரில் 10 ஏக்கர் உள்ளவர் ஒருவர்கூட இல்லை. இடைநிலை அளவு 2 ஏக்கர். ஊரின் நிலைமையைச் சொல்வது அதுதான். செய்தித்தாளில் சராசரி வருமானம் என்று படிக்கும்போதெல்லாம் இடைநிலை அளவு எவ்வளவு என்று கேளுங்கள்.

நிகழ்தகவில் ஓர் இணை இருக்கிறது. கல்லூரி மாணவர்களையும் விட்டுவைக்காத இணை அது: ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள், சார்பிலா நிகழ்ச்சிகள். இரண்டும் ஒன்றுதான் என்ற எண்ணம் எப்படியோ மனத்தில் ஊன்றிவிடுகிறது. "தொடர்பில்லை" என்ற உணர்வை இரண்டுமே எழுப்புவதால் இருக்கலாம். உண்மையில் அவை எதிரெதிர்த் துருவங்கள். பகடையை உருட்டினால் ஒற்றை எண் விழுவதும் இரட்டை எண் விழுவதும் ஒன்றையொன்று விலக்கும். ஒற்றை விழுந்தது என்று தெரிந்த கணமே இரட்டை விழவில்லை என்று உறுதியாகத் தெரிந்துவிடுகிறது. இதைவிடப் பெரிய சார்பு வேறென்ன? சார்பின்மைக்கு அதே பகடையிலிருந்து எடுத்துக்காட்டுத் தருகிறேன். இரட்டை எண் விழ நிகழ்தகவு 1/2. நான்கோ அதற்குக் குறைவோ விழ நிகழ்தகவு 2/3. இரண்டும் சேர்ந்து நடக்க 2 அல்லது 4 விழ வேண்டும்: 1/3. பெருக்கிப் பாருங்கள், அதே 1/3. ஆகவே இவை சார்பிலா நிகழ்ச்சிகள். நான்குக்குப் பதில் மூன்று என்று மாற்றினால் பெருக்கல் 1/4 தரும். உண்மையில் சேர்ந்து நடப்பதோ 2 விழுந்தால் மட்டும், 1/6. சார்பின்மை போய்விட்டது. ஒரே பகடை, ஒரே ஓர் எண்ணை மாற்றினோம். சார்பின்மையை உணர்வால் முடிவு செய்யக் கூடாது, பெருக்கிப் பார்த்தே சொல்ல வேண்டும் என்று பேராசிரியர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆய்வகத்தில் வரும் துல்லியத்தன்மையும் நுட்பமும் இப்படியே. முனை தேய்ந்த மர அளவுகோலால் ஒரு மேசையைப் பத்து முறை அளந்தால் பத்து முறையும் ஒரே விடை வரலாம். நுட்பம் இருக்கிறது; துல்லியம் இல்லை, எல்லா விடையும் ஒரே பக்கமாகத் தவறியிருக்கிறது. திரும்பத் திரும்ப அளந்து சராசரி எடுப்பது சிதறும் பிழையைக் குறைக்கும், தேய்ந்த முனையைச் சரிசெய்யாது. அதற்கு வேறோர் அளவுகோல் வேண்டும். அடர்த்தி, பாகுநிலை இரண்டையும் வீட்டில் "கெட்டி" என்ற ஒரே சொல்லால் சொல்கிறோம். விளக்கெண்ணெய் தண்ணீரைவிடப் பல நூறு மடங்கு பாகுநிலை கொண்டது, ஆனாலும் தண்ணீரில் மிதக்கிறது. ஒரு கிண்ணமும் இரண்டு கரண்டி எண்ணெயும் போதும், இந்த இணை பிரிந்துவிடும்.

கடைசியாக விதியும் கோட்பாடும். கருதுகோள் வளர்ந்து கோட்பாடாகிறது, கோட்பாடு வளர்ந்து விதியாகிறது என்ற ஏணிப்படிக் கணக்கு பல கையேடுகளில் இருக்கிறது. அது தவறு என்று உறுதியாகச் சொல்கிறேன். 1662-இல் ராபர்ட் பாயில் வெளியிட்டது ஒரு விதி: வெப்பநிலை மாறாதபோது வாயுவின் அழுத்தத்தைக் கூட்டினால் பருமன் அதே விகிதத்தில் குறையும். என்ன நடக்கிறது என்று அது சொன்னது. ஏன் என்று சொல்லவில்லை. 1738-இல் டேனியல் பெர்னூலி, வாயு என்பது ஓயாமல் ஓடிச் சுவரில் மோதும் துகள்களின் கூட்டம் என்று கொண்டு பாயில் விதியைத் தருவித்துக் காட்டினார். அது கோட்பாட்டின் வேலை. கோட்பாடு விதியாக மாறவில்லை. விதிக்குக் காரணம் தந்தது. உயர் அழுத்தத்தில் பாயில் விதி பிசகுவது தெரியவந்தபோது கைகொடுத்ததும் கோட்பாடே. மூலக்கூறுகளுக்கும் சிறிது இடம் வேண்டும், அவை ஒன்றையொன்று சற்றே ஈர்க்கவும் செய்கின்றன என்ற இரண்டு திருத்தங்களோடு 1873-இல் வான் டெர் வால்ஸ் புதிய சமன்பாட்டைத் தந்தார். 1910-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பரிணாமக் கோட்பாட்டையோ சார்பியல் கோட்பாட்டையோ பற்றி யாராவது "அது வெறும் கோட்பாடுதானே" என்று சொன்னால், வாயுக்களின் இந்தக் கதையை அவருக்குச் சொல்லுங்கள்.

மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் வேண்டுமென்றே இன்று எடுக்கவில்லை. அந்த இணையை நீங்களே எழுதிப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். இரண்டும் எப்படிக் கலந்து கிடந்தன, எந்தச் சோதனை பிரித்தது, அன்றாட வாழ்வில் எங்கே இன்னும் குழப்புகிறோம் என்ற மூன்றும் அதில் வர வேண்டும். கியோர்க் ஓம் 1827-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படிப்பதிலிருந்து தொடங்குங்கள். எழுதியதைத் துறைத் தலைவரிடம் கொடுத்தால் அவர் எனக்கு அனுப்பிவைப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொன்றையும் படித்துப் பதில் எழுதுகிறேன். இப்போது உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.